கிளாட் பெர்னார்டும் எங்க அப்பத்தாவும்

எங்க அப்பத்தாவுக்கு சுகர். ராத்திரி ரெண்டு இட்லியோட படுத்துடும். ஆனா காலையில வெறும் வயித்துல ரத்தம் எடுத்தா 180, 190னு காட்டும். ராத்திரி எதையோ திருட்டுத்தனமாத் தின்னுருக்குன்னு வீட்டில் எல்லோரும் ஏசுவாங்க. நானும் ஒருநாள் வெல்ல டப்பாவை ஒளிச்சு வச்சேன். அப்பத்தா ஒண்ணும் சொல்லல, அழுதுச்சு. அப்புறம்தான் அறிவியல் டீச்சர் கொடுத்த புத்தகத்தில் இவரைப் பற்றிப் படித்தேன்.

தோழிகளே, கிளாட் பெர்னார்ட் 1813 ஜூலை 12 அன்று பிரான்ஸ் நாட்டில் செயின்ட் ஜூலியன் என்ற ஊரில் பிறந்தார். திராட்சைத் தோட்டக் குடும்பம். பணக்கஷ்டத்தால் லியோன் நகரில் மருந்துக்கடை வேலைக்குப் போனார். அங்கே இருந்துகொண்டே நாடகம் எழுதினார்! அதை பாரிஸ் கொண்டுபோய் ஒரு விமர்சகரிடம் காட்ட, அவர் வைத்தியம் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். நல்லவேளை.

அந்தக் காலத்தில் சர்க்கரையைச் செடிகொடிகள்தான் உண்டாக்கும், மிருகங்கள் அதைத் தின்று செலவழிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். பெர்னார்ட் நாய்க்கு வெறும் இறைச்சியே போட்டுப் பார்த்தார். ஆனாலும் ஈரலில் இருந்து வெளியே வரும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. எப்படி வந்துச்சு? 1855ல், செத்த நாயின் ஈரலுக்குள் தண்ணீர் விட்டு, சர்க்கரையே இல்லாமல் போகும்வரை கழுவினார். மறுநாள் பார்த்தால் அதில் மறுபடியும் சர்க்கரை! ஈரல் மாவு மாதிரி ஒரு பொருளைச் சேர்த்து வைத்து, அதைச் சர்க்கரையாக மாற்றுகிறது. 1857ல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து கிளைக்கோஜன் என்று பெயர் வைத்தார்.

நாய்களை அறுப்பது அவர் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் பிரிந்தே போய்விட்டார். எனக்கும் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கஷ்டமா இருந்துச்சு.

வெளியே வெயிலோ பனியோ, சாப்பிட்டோமோ பட்டினியோ, உடம்புக்குள் இருக்கும் நீரும் ரத்தமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும், அதனால்தான் நாம் உயிரோடு நடமாட முடிகிறது என்று அவர் கண்டுகொண்டார். 1926ல் அமெரிக்காவின் வால்டர் கேனன் இதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். பெர்னார்ட் 1878ல் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரான்சில் ஒரு விஞ்ஞானிக்கு அதுதான் முதல் தடவை.

நாம் தூங்கும்போதும் ஈரல் சர்க்கரை விடுகிறது. போதும் நிறுத்து என்று அதற்குச் சொல்வது இன்சுலின். சுகர் உள்ளவங்களுக்கு அந்தப் பேச்சு சரியா எடுபடாது, ஈரல் பாட்டுக்கு விட்டுக்கிட்டே இருக்கும். அப்பத்தா எதுவும் தின்னாமலே காலையில ஏறியிருக்கும்!

இதை வீட்டில் சொன்னேன். சித்தப்பா நம்பல. வெல்ல டப்பாவைப் பழைய இடத்துலயே வச்சுட்டேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப டாக்டரம்மாகிட்ட கேட்க நானும் அப்பத்தாகூடப் போறேன்.