மணலுக்குள் நீர் நடந்த கணக்கு

ஒரு பிடி மணலில் எந்த இடுக்கு வழியாக நீர் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளில் அந்த மணலை எவ்வளவு நீர் கடக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். அதற்கு வழி காட்டியவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி.

1803ல் டிஜோன் நகரில் பிறந்த அவர், 14 வயதில் தந்தையை இழந்தார். பாரிசில் பொறியியல் படித்து, அரசு வேலையில் சொந்த ஊருக்கே வந்தார். அப்போது ஊரில் நல்ல தண்ணீர் கிடையாது; கிணறுகளில் கழிவு கலந்திருந்தது. ஊருக்கு வெளியே ரோசுவார் ஊற்றைத் தேர்ந்தெடுத்து, 12 கி.மீ.க்கு மேல் மூடிய கால்வாய் கட்டினார். பம்பு எதுவும் இல்லை, சரிவுதான் தண்ணீரை இழுத்து வந்தது. 1840ல் ஊருக்குள் நீர் வந்தது. பிறகு தெருத்தெருவாகப் பொதுக்குழாய்கள். இதற்குச் சேரவேண்டிய பெருந்தொகையை அவர் வாங்கவில்லை. ஒரு பதக்கமும், வீட்டுக்கு ஆயுள் முழுக்க இலவசத் தண்ணீரும் போதும் என்றிருந்துவிட்டார்.

1848 அரசியல் புரட்சிக்குப் பின் அவரை டிஜோனை விட்டே மாற்றினார்கள். பாரிசில் உயர்பதவி கிடைத்தது, உடல்நலம் கெட்டது. ஆராய்ச்சிக்காக ஊர் திரும்பியவர், 1855ல் 35 செ.மீ. விட்டமுள்ள நெடிய இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, மேலிருந்து நீர் விட்டு, மேலும் கீழும் அழுத்தத்தை அளந்தார். ஊர் நீரை வடிகட்ட எவ்வளவு மணல் வேண்டும் என்பதே அவர் கேள்வி. விடை எளிமையானது: நீர்மட்ட வித்தியாசம் இரட்டிப்பானால் பாயும் நீரும் இரட்டிப்பு, மணலின் உயரம் இரட்டிப்பானால் நீர் பாதி. மீதியை அந்த மணலுக்கே உரிய ஓர் எண் தீர்மானிக்கிறது. அதுதான் கடத்துதிறன். சரளைக்கும் களிமண்ணுக்கும் இடையே அது பல லட்சம் மடங்கு மாறும். தாறுமாறான கோடி இடுக்குகளின் மொத்த விளைவை ஒரே சராசரி எண்ணில் பிடித்ததுதான் அவர் செய்த பெரிய வேலை.

அவர் குழாயில் இருந்தது ஒரே சீரான மணல். வயல் அப்படியா இருக்கிறது? நாலடி தள்ளினால் மண் வேறு. அதனால் இன்றைய நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் கடத்துதிறனுக்கு ஒரே எண்ணை வைக்காமல், அது எந்த அளவுக்குள் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்து நிகழ்தகவுக் கணக்கு போடுகிறார்கள். வடிகால் இடைவெளி, வாய்க்கால் கசிவு, கிணற்றின் ஊறல் எதுவானாலும் அடியில் இருப்பது டார்சியின் விதியே.

அந்த விதியை 1856ல், டிஜோன் குடிநீர்த் திட்டம் பற்றிய பெரிய புத்தகத்தில் ஒரு பின்னிணைப்பாகத்தான் சேர்த்திருந்தார். 1858 ஜனவரியில், 54 வயதில், பாரிசில் நிமோனியாவால் இறந்தார். அடக்கம் டிஜோனில்.