ரத்த அழுத்தத்தை அளக்க வைத்த டாக்டர்

ஆபரேஷன் நடந்து கொண்டிருந்தது. நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கத்தில் வைக்கும் பொறுப்பை ஒரு மாணவரிடம் விட்டிருந்தார்கள். திடீரென்று நோயாளி இறந்துவிட்டார்!

மாணவர் இடிந்து போனார். டாக்டர் படிப்பே வேண்டாம் என்று நினைத்தார்.

அவர்தான் ஹார்வி குஷிங். பிற்காலத்தில் மூளை ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்றவர்.

1869-ம் ஆண்டு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பெற்றோருக்கு 10 குழந்தைகள். இவர் கடைக்குட்டி. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்தபோதுதான் அந்தச் சோகம் நடந்தது.

பந்தயம்

ஆனால் குஷிங் படிப்பைக் கைவிடவில்லை. அமோரி காட்மன் என்ற சக மாணவருடன் பந்தயம் கட்டினார். மயக்க மருந்தை யார் நன்றாகக் கொடுக்கிறாரோ, அவருக்கு மற்றவர் விருந்து வைக்க வேண்டும்!

இருவரும் 1894-ல் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே, நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் அடிக்கடி பார்த்துத் தாளில் குறித்து வைத்தார்கள்.

இத்தாலியில் கண்ட கருவி

1901-ல் குஷிங் இத்தாலியில் உள்ள பவியா நகருக்குச் சென்றார். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கருவியைக் கண்டார். ரிவா-ரோச்சி என்ற டாக்டர் 1896-ல் உருவாக்கியது அது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால், ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பாதரசம் காட்டிவிடும்.

குஷிங் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார். எல்லோரும் உடனே ஏற்கவில்லை. விரலால் நாடி பார்ப்பதே மேல் என்று 1904-ல் ஹார்வர்டு டாக்டர்கள் முடிவு செய்தார்கள். குஷிங் விடவில்லை. நாளடைவில் உலகமே அந்தக் கருவியை ஏற்றுக் கொண்டது.

1939-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, தமது 70-வது வயதில் அவர் காலமானார்.

கம்ப்யூட்டர் கவனிக்கிறது

ஆபரேஷன் முடிந்ததும் ஆபத்து தீர்ந்து விடுவதில்லை. இதய ஆபரேஷன் ஆனவருக்கு ரத்த அழுத்தம் ஏறினால், தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசியும். மிகவும் இறங்கினால், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாது. ஆகவே நர்சு ஓயாமல் கவனித்து, ரத்தக் குழாயில் சொட்டும் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும்.

1970-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டாக்டர் ஜான் கிர்க்லினும், என்ஜினீயர் லூயிஸ் ஷெப்பர்டும் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறினால், கம்ப்யூட்டரே மருந்தைக் கூட்டும். இறங்கினால் குறைக்கும்.

அளக்காத ஒன்றை எந்த எந்திரத்தாலும் கட்டுப்படுத்த முடியாது. ரத்த அழுத்தத்தை அளக்கும் வழக்கத்தை ஆபரேஷன் அறைக்குள் கொண்டு வரப் போராடியவர், குஷிங்.