பயிர் நோயிலிருந்து மனித நோய்க்கு: எம்.ஜே. திருமலாச்சார்

பெங்களூரில் சர் சி.வி. ராமனைத் தெரியாதவர் கிடையாது. எம்.ஜே. திருமலாச்சார் என்றால், தாவரவியல் படித்த என்னைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும். 1914ல் பிறந்து 1999ல் காலமானவர். மண்டயம் ஜீர்சந்நிதி என்ற முன்பெயர்களே அவர் எந்த வழி வந்தவர் என்பதைச் சொல்லிவிடும். பயிர் நோய்களை ஆராயப் புகுந்து, மனித நோய்க்கு மருந்து கண்ட இந்த மேதையைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1940களில் பெங்களூர் சென்ட்ரல் காலேஜின் தாவரவியல் துறையில் இருந்தபடி அவர் கட்டுரைகள் எழுதினார். துரு நோய், கரிப்பூட்டை நோய் இரண்டும்தான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். துரு நோய் இலையைத் தின்னும். கரிப்பூட்டை கதிரைக் கரித்தூளாக்கும். இரண்டுக்கும் காரணம் பூஞ்சை. காப்பி இலைத் துருவை, மைசூர் ராஜ்யத்தின் பயிர் நோய் ஆராய்ச்சியாளர் எம்.ஜே. நரசிம்மனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் டிக்ஸனுடன் பணியாற்றினார். 1952ல் முண்ட்கூருடன் சேர்ந்து இந்தியக் கரிப்பூட்டைப் பூஞ்சைகளைத் தொகுத்த நூல் வெளிவந்தது. பின்னர் காசி ஹிந்து பல்கலைக்கழகத்திலும் பணி செய்தார்.

அவரிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. தாம் கண்ட புதிய பேரினங்களுக்குப் பிறர் பெயரையே சூட்டினார். முண்ட்கூருக்கு ஒன்று, நரசிம்மனுக்கு ஒன்று, பென்சிலின் புகழ் எர்ன்ஸ்ட் செயினுக்கு 'செயினியா' என்று ஒன்று.

1954ல் பூனா அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் திருமலாச்சார் தலைமை ஏற்றார். பென்சிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும்; பூஞ்சையிடம் அது செல்லாது. பூஞ்சையின் உடலமைப்பு நம்முடைய செல்களை ஒத்திருப்பதால், அதைக் கொல்லும் விஷம் நம்மையும் தாக்கும். இந்தச் சங்கடத்துக்கு அவர் விடை தேடிய இடம் மண். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து 1961ல் 'ஹாமைசின்' வெளிவந்தது. நிறுவனத்தின் பெயரையே மருந்து தாங்கியது. நுண்ணுயிரின் பெயரில் பிம்ப்ரி ஊர் இடம்பெற்றது. பூஞ்சைச் செல்லின் மேலுறையிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்து, உறையை ஓட்டையாக்கும் மருந்து இது. தோல் நோய்க்கு டெர்மோஸ்டாடினும், பயிர்களுக்கு ஆரியோஃபங்கினும் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்தன. பட்நாகர் விருதும் அவரைத் தேடி வந்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021ல் கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. எங்கள் உறவினர் ஒருவருக்காக ஆம்ஃபோடெரிசின் ஊசி தேடி நாங்கள் கடை கடையாக அலைந்தோம். நாடெங்கும் அப்போது தட்டுப்பாடு. அந்த மருந்தும் ஹாமைசினும் ஒரே குடும்பம், வேலை செய்யும் விதமும் ஒன்றே. அறுபது வருஷம் முன்பே இந்தக் குடும்பத்து மருந்தை நம் நாட்டு மண்ணிலிருந்து எடுத்துக் காட்டியவர் ஒரு தாவரவியல் வாத்தியார் என்பது அன்று எத்தனை பேருக்கு நினைவு வந்தது?

2022ல் உலக சுகாதார நிறுவனம் 19 அபாயகரமான பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. வயலில் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகளால் சில பூஞ்சைகள் பழகிப்போய், அதே வகை மருந்துகளுக்கு ஆஸ்பத்திரியிலும் அடங்குவதில்லை. வயலும் ஆஸ்பத்திரியும் வேறு வேறல்ல என்பதை விஞ்ஞானிகள் இன்று வலியுறுத்துகிறார்கள். திருமலாச்சார் தம் வாழ்நாள் உழைப்பால் அதைக் காட்டிவிட்டுப் போனார்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது தாவரவியல் படிக்க விரும்பினால், அதில் என்ன எதிர்காலம் என்று கேட்டுத் தடுக்காதீர்கள். இவர் கதையைச் சொல்லுங்கள்.