ஆலைத் தொழிலாளருக்குக் குரல் கொடுத்த தமிழாசிரியர்

போரூருக்குப் பக்கத்தில் தண்டலம் என்று ஓர் ஊர். முன்பு அதற்குத் துள்ளம் என்று பெயர். பூந்தமல்லியிலிருந்து அதிக தூரமில்லை. 1883-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி அங்கே விருத்தாசல முதலியாருக்கும் சின்னம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கலியாணசுந்தரம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான், தமிழ்த் தென்றல் என்று நாடு போற்றிய திரு.வி.க.!

சிறு வயதில் அவருக்குக் கையும் காலும் முடங்கிப் போயின. சில ஆண்டுகள் படிப்பு நின்றது. பிறகு குணமாகி, யாழ்ப்பாணம் கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் கற்றார். ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஆனால் மனம் தேச விடுதலையில் இருந்தது; அந்த வேலை நீடிக்கவில்லை. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதையும் விட்டு, 1917-ல் ‘தேசபக்தன்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

அரைமணிச் சாப்பாடு

அப்போது பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பல ஆயிரம் பேருக்கு அங்கே வேலை. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை உழைக்கலாம் என்று அன்றைய சட்டமே இடம் கொடுத்தது. நடுப்பகலில் சாப்பிட அரைமணி நேரம். கை கழுவி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, நாலு கவளம் விழுங்குவதற்குள் சங்கு ஊதிவிடும். மேலதிகாரிகள் கை நீட்டுவதாகவும் புகார் இருந்தது.

கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது. ஆனால் எந்த விதியானாலும் போடுகிறவர் முதலாளி. அதைப் பற்றித் தொழிலாளியைக் கேட்பது என்ற பேச்சே கிடையாது.

ஆலைப் பகுதியில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஒரு பக்திச் சபை நடத்தி வந்தார்கள். அங்கே வருகிற தொழிலாளர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் தங்கள் கஷ்டத்தையும் சொல்லுவார்கள். அந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்ததுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். 1918 ஏப்ரல் 27-ந் தேதி அது தொடங்கியது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர்.

அந்த வருஷமே திரு.வி.க.வின் மனைவி கமலாம்பிகை காலமானார். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலாளர் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை.

கோர்ட்டில் வழக்கு

கம்பெனி சங்கத்தை ஏற்கவில்லை. 1920-ல் ஆலைக் கதவை மூடியது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. கோர்ட்டு தடை விதித்தது. வாடியா ஒதுங்கிக்கொண்டார்.

பாரம் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. 1921-ல் பல மாத வேலைநிறுத்தம். அதில் சாதிப் பிளவு புகுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. உழைப்பவர்களே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதுதான் அந்த ஆண்டின் பெரிய துயரம். கவர்னர் வில்லிங்டன், நாடு கடத்துவதாகத் திரு.வி.க.வை மிரட்டினார். வேலைநிறுத்தம் தோற்றது.

தோற்றாலும் வழக்கு வீண் போகவில்லை. தொழிலாளர் கூடிப் பேசுவதே குற்றமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் மீது அப்படி வழக்குப் போடுவதற்கு அது தடை போட்டது. அதற்கு முன்பே 1922-ல் வேலை நேரம் வாரத்துக்கு 60 மணியாகக் குறைந்திருந்தது.

1946-ல் இன்னொரு சட்டம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வேலை நேரம், லீவு, தண்டனை எல்லாவற்றுக்கும் நிலையாணை எழுத வேண்டும். அதைப் பற்றித் தொழிலாளர் தரப்பின் ஆட்சேபத்தையும் கேட்க வேண்டும். பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் வாசலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியபோது இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

திரு.வி.க.வுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. 1947-ல் பின்னி ஆலையில் மறுபடி பெரிய வேலைநிறுத்தம். அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். வைத்தது வெள்ளைக்காரக் கவர்னர் அல்ல, அவர் வளர்த்த காங்கிரசின் மந்திரிசபை! அப்போது அவருக்கு வயது 63. பிறகு பார்வையும் போயிற்று. 1953 செப்டம்பர் 17-ந் தேதி காலமானார். சொந்த வீடு என்று ஒன்று அவருக்கு இருக்கவில்லை.