உழவர்க்கு நீர் கேட்ட ஜோதிராவ் புலே

மகாத்மா என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சில் தோன்றுபவர் காந்தியடிகள். ஆனால் நாம் வந்து தங்கிப் பயிலும் இந்தப் புணே நகரில், அவருக்கு முன்பே மக்களிடம் அப்பட்டம் பெற்ற ஒருவர் வாழ்ந்து மறைந்தார். அவரே ஜோதிராவ் கோவிந்தராவ் புலே. அவருடைய துணைவியார் சாவித்திரிபாயின் பெயரைத்தான் 2014 முதல் நம் பல்கலைக் கழகம் தாங்கி நிற்கிறது. பெண் கல்விக்காகவும் சாதிக் கொடுமைக்கு எதிராகவும் அவர் ஆற்றிய தொண்டைத் தோழர்கள் அறிவீர்கள். அவர் உழவரின் தண்ணீருக்காக வாதாடியதை நம்மில் பலர் அறியோம். நானும் சென்ற ஆண்டுவரை அறியாதவனே.

அறிய நேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. கண்மாய்ப் பாசனம். கண்மாய் நிறைந்தால் விளைச்சல். நிறையாவிட்டால் வேறு ஊரில் கூலி வேலை. சென்ற கோடையில் என் தந்தையார் தொலைபேசியில் அழைத்து, கையிலிருக்கும் பணத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதா, நிலத்தில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டுவதா என்று கேட்டார். நிலவியல் படிக்கும் மகனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்? எனக்கோ நெஞ்சு திக்கென்றது. தேர்வுத் தாளில் எழுதுவது வேறு, தந்தையின் பணத்துக்கு விடை சொல்வது வேறு அன்றோ! நூலகத்தில் தக்காணத்து நீர்நிலை பற்றிய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் புலே எழுதிய உழவர் நூல் ஒன்று கண்ணில் பட்டது.

ஜோதிராவ் 1827 ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். முன்னோர் ஊர் சாதாரா ஜில்லாவின் கட்குண். இன்றும் வறட்சிக்குப் பேர்போன கடாவ் வட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். குடும்பம் புணேயில் குடியேறிப் பேஷ்வாக்களுக்குப் பூக்கட்டிக் கொடுத்தது. அதனால்தான் பூவைக் குறிக்கும் புலே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தாய் சிம்ணாபாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். பள்ளிக்குச் சென்ற சிறுவனைத் தந்தை பாதியில் நிறுத்தித் தோட்ட வேலையில் விட்டார். அண்டை வீட்டார் எடுத்துச் சொன்ன பிறகு, 1841இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்து 1847இல் படிப்பை முடித்தார். மண்வெட்டி பிடித்த கை பிறகுதான் புத்தகம் பிடித்தது என்பதைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்ததும், அதன் பயனாக மறு ஆண்டே மனைவியோடு தந்தையின் வீட்டைவிட்டு வெளியேறியதும், 1873இல் சத்திய சோதக் சமாஜம் கண்டதும் பல நூல்களில் விரிவாக உள்ளன. இங்கே அவற்றை விடுகிறேன். ஆனால் 1868இல் நடந்த ஒன்றை விட்டுவிட முடியாது. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியாத காலம் அது. ஜோதிராவ் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர்களுக்குத் திறந்துவிட்டார். நீரைச் சேர்ப்பது எப்படி என்று அவர் யோசிப்பதற்கு முன், சேர்ந்த நீர் யாருக்கு என்ற கேள்விக்குத் தம் வீட்டு வாசலிலேயே விடை சொல்லிவிட்டார். கஞ்ச் பேட்டையில் அவ்வீடு இன்றும் நினைவிடமாக இருக்கிறது. நகரப் பேருந்தில் போய் வரலாம்.

பிழைப்புக்கு அவர் செய்த தொழில் ஒப்பந்த வேலை. ஆசிரியரும் நூலாசிரியருமான ஒருவர் கல்லும் சுண்ணாம்பும் விற்றுச் சாப்பிட்டார் என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. 1869 முதல் 1879 வரை புணேயை அடுத்த கடக்வாஸ்லாவில் முட்டா ஆற்றின் குறுக்கே அணை எழும்பியது. அவ்வேலைக்குக் கட்டுமானப் பொருள் வழங்கியவர்களில் புலேயும் ஒருவர். அணையிலிருந்து வாய்க்கால் கிழக்கே நீண்டது. அப்பக்கத்து மாஞ்சரியில் அவர் நிலம் வைத்துப் பயிர் செய்தார். ஆகவே பேரணையின் பயனை அவர் அறியாதவர் அல்லர். அதன் குறையையும் அறிந்தார். தண்ணீர் வரி தவறாமல் வாங்கப்பட்டது. தண்ணீர் தவறாமல் வரவில்லை. மேலதிகாரிகள் கீழதிகாரிகளிடம் பொறுப்பை விட்டுவிட்டுக் குளுகுளு அறையில் இருக்க, வயலில் பயிர் கருகியது. இதைப் பின்னால் அவர் மிகவும் கடுமையாகவே எழுதினார்.

அணை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் மைசூரையும் சென்னை மாகாணத்தையும் ஒருசேர வாட்டிய பஞ்சம் அது. நம் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்களே, அதுவேதான். இறந்தோர் 50 இலட்சத்துக்குக் குறையார் என்று மதிப்பிடுகிறார்கள். புணேயை அடுத்த தனக்வடியில் சமாஜத்தார் பஞ்சத்தில் அகப்பட்ட குழந்தைகளுக்கு உணவளித்தனர். 1877இல் சாவித்திரிபாய் ஜுன்னர்ப் பக்கத்து ஓத்தூரில் இருந்துகொண்டு, கண்டதையெல்லாம் கணவருக்குக் கடிதமாக எழுதினார். வீட்டை விட்டு ஓடும் குடும்பங்களையும் காய்ந்த வயல்களையும் ஜோதிராவ் மறக்கவில்லை.

1883இல் அவர் எழுதி முடித்த நூலின் பெயர் சேத்கர்யாச்சா ஆசூட். உழவனின் சாட்டை என்று தமிழில் சொல்லலாம். அதன் பெரும்பகுதி உழவன் எப்படி ஏழையானான் என்பதைப் பேசுகிறது. வழி சொல்லும் இடத்துக்கு வரும்போது அவர் முதலில் கேட்பவற்றில் ஒன்று தண்ணீர். மலைச்சரிவிலும் ஓடை வழியிலும் இடத்துக்கு இடம் சிறு அணைகளும் கரைகளும் கட்ட வேண்டும். பெய்த மழை வயலில் ஊறிய பிறகே மிச்சம் ஓடைக்குப் போக வேண்டும். யார் கட்டுவது? சண்டையின்றிச் சும்மா இருக்கும் வெள்ளை, கறுப்புப் பட்டாளத்தாரையும் மிகுதியான போலீசாரையும் விடச் சொன்னார்! திறந்த வெளியில் உழைத்தால் அவர்கள் உடம்புக்கும் நல்லது என்று வேறு சேர்த்துக்கொண்டார். கேலியா, உண்மையா என்று நான் இருமுறை படித்துப் பார்த்தேன். இரண்டும்தான்.

இன்னும் கேட்டார். நீர் அறிந்த வல்லுநரைக் கொண்டு ஊர்தோறும் நிலத்தடி ஊற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு மோட் இறைப்புக்காவது தாங்கும் இடங்களை ஊர்ப் படத்தில் குறிக்க வேண்டும். மோட் என்பது நம்மூர்க் கமலையேதான். அதே தோல் சால், அதே மாடுகள். சர்க்கார் உதவியின்றிக் கிணறு வெட்டும் உழவனுக்குப் பரிசு தர வேண்டும். ஆற்றிலும் ஏரியிலும் படியும் வண்டலை முன்போல் உழவர் எடுத்து வயலில் போட விட வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் கண்மாயில் கரம்பை அள்ளிய வண்டிகள்தான் என் கண்முன் வந்தன.

நிலவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மகாபலேசுவரத்து மலை முகட்டில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் உள்ள பல்டணில் 500 அளவே பெய்கிறது. அதுவும் சில நாட்களில் அடித்துப் பெய்து, மேல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். கீழே இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. மேலே சிதைந்த பகுதியும் வெடிப்புகளும்தான் நீர் பிடிக்கும். அடியில் தேக்கம் மிகக் குறைவு. ஆகவே ஓடும் நீரைச் சிறு கரை தடுத்து நிறுத்தினால் இரண்டு நன்மை. மண்ணின் ஈரம், மழை இடையில் சில வாரம் பொய்த்தாலும் பயிரைத் தாங்கும். ஊறி இறங்கியது கிணற்றில் நின்று பின்பருவச் சோளத்துக்கு உதவும். நிலவியல் வகுப்பில் அமராத புலே இதை வயலில் நின்றே கண்டுகொண்டார். முழுவதும் அவர் கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வயலுக்குக் கரை போடுவது தக்காணத்து உழவரின் பழைய வழக்கம். சர்க்கார் செலவில், ஊர்தோறும், கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்டதே அவர் செய்த புதுமை.

அந்நூலுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். தம் தோழர் லோகண்டே நடத்திய தீனபந்து இதழே இரண்டு அதிகாரங்களை வெளியிட்டு நிறுத்திக்கொண்டது. அரசினர் சினத்துக்கு அஞ்சினார் போலும். புலே அவரை ஏசித் தீர்த்தார். பிறகு ஊர் ஊராகச் சென்று குடியானவர் கூட்டங்களில் தாமே படித்துக் காட்டினார். பரோடா மன்னர் சயாஜிராவும் கேட்டார். முழு நூலாக அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

1888 மார்ச்சில் விக்டோரியா அரசியின் மகன் கன்னாட் கோமகனுக்குப் புணேயில் விருந்து நடந்தது. பட்டும் வைரமும் மின்னிய கூட்டத்தில் புலே குடியானவன் உடையில் போய் நின்றார். இங்கே மின்னுபவர்களைக் கொண்டு இந்நாட்டை மதிக்க வேண்டாம், கிராமத்துக்கு வந்து பாருங்கள் என்ற பொருளில் பேசினார். அவ்வாண்டு மே 11ஆம் நாள் பம்பாயில் மக்கள் அவருக்கு மகாத்மா என்று பெயர் சூட்டினர். சில வாரங்களில் பக்கவாதம் வலப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்தது. இடக்கையால் எழுதிக் கடைசி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28இல் உயிர் நீத்தார்.

அவர் கேட்டபடி பட்டாளம் வரவில்லை. 1972 வறட்சியில் பசித்த மக்களே இலட்சக் கணக்கில் வந்து, கூலிக்குக் கல்லுடைத்தும் கரை போட்டும் குளம் வெட்டியும் உழைத்தார்கள். நிலத்தடி நீரைச் சோதிக்க மராட்டிய அரசு தனி நிறுவனம் அமைத்ததும் 1972இல்தான். அவர் எழுதி 89 ஆண்டு கழித்து! இப்பொழுது இப்பக்கம் போனால் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக் குட்டைகளை நிறையப் பார்க்கலாம். ஆனால் பலவற்றில் இருப்பது மழைநீர் அன்று. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றியது. நிலத்துக்குள் வெயில் படாமல் கிடந்த நீரை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவைப்பதற்கு இவ்வளவு செலவு. புலே பார்த்திருந்தால் சாட்டையின் இன்னொரு அதிகாரம் கிடைத்திருக்கும்.

ஊரில் எங்கள் நிலத்தின் அடியிலும் கடும்பாறைதான். பாறையின் பெயர் மட்டும் வேறு. ஆகவே தந்தையாரிடம், ஆழ்துளைக் கிணறு இப்போது வேண்டாம், பள்ளமான மூலையில் குட்டை வெட்டி, வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையை நிறுத்திப் பார்ப்போம், பிளாஸ்டிக் விரிக்க வேண்டாம் என்றேன். குட்டைக்குப் பத்துச் சென்ட் நிலம் போகுமே, அதன் விளைச்சலுக்கு உன் புலே பொறுப்பா என்று கேட்டார். இரண்டு ஏக்கர்காரருக்குப் பத்துச் சென்ட் பெரிது. நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவரே அழைத்து, மண் வெட்டும் இயந்திரத்துக்கு மணிக்கு என்ன வாடகை என்று விசாரித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.