முகத்தில் குற்றம் தேடியவர்

நான் இரண்டாம் படிவம் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு கைப்பேசி காணாமல் போனது. கட்டொழுங்கு ஆசிரியர் வந்தார். யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. வகுப்பை ஒருமுறை நோட்டமிட்டார். நான்கு பேரை எழுந்து நிற்கச் சொன்னார். நால்வரும் தமிழ் மாணவர்கள். அவர்களில் நானும் ஒருவன். எல்லாருக்கும் முன்னால் புத்தகப்பைகளைக் கொட்டிக் காட்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. கைப்பேசி அதை வைத்திருந்த மாணவனின் வீட்டிலேயே இருந்தது மறுநாள் தெரிய வந்தது.

எதைப் பார்த்து எங்களைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி என் மனத்தில் அப்படியே கிடந்தது. பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடத்தில் ஓர் இத்தாலிய மருத்துவரின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. அவர்தான் செசரே லொம்ப்ரோசோ.

1835 நவம்பர் 6ஆம் நாள் வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் அப்போது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. மருத்துவப் பட்டம் பெற்று இராணுவ மருத்துவரானார். ஓய்வு நேரத்தில் சிப்பாய்களின் உடலை அளப்பதும் அவர்கள் பச்சை குத்தியிருப்பதைக் குறித்து வைப்பதும் அவர் வழக்கம். இந்த அளவுநாடா அவரைக் கடைசிவரை விடவில்லை!

பிறகு பாவியா நகரில் மனநோயாளிகளைக் கவனித்தார். வடஇத்தாலியின் ஏழை விவசாயிகளை வாட்டிய பெல்லாக்ரா நோயை ஆராய்ந்து, கெட்டுப்போன சோளமே காரணம் என்றார். நிலக்கிழார்களுக்கு இது கசந்தது. உண்மையில் அது ஓர் உயிர்ச்சத்துக் குறைபாடு என்பது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே உறுதியானது. காரணத்தில் தவறினாலும், ஏழைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர் அவர். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு மண்டையோடு. கலாப்ரியாவைச் சேர்ந்த ஜூசெப்பே வில்லெல்லா என்ற கைதியினுடையது அது. பெரும்பாலான மனிதருக்குப் பின்மண்டையின் உட்புறத்தில் சிறு மேடு இருக்கும் இடத்தில், வில்லெல்லாவுக்கு ஒரு குழி இருந்தது. சில விலங்குகளிடமும் அத்தகைய குழி உண்டு. 1871இல் லொம்ப்ரோசோ இதைப் பற்றி எழுதினார். குற்றவாளி என்பவன் நாகரிக மனிதர் நடுவே பின்தங்கிப் பிறந்துவிட்ட ஆதிமனிதன் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு குழியிலிருந்து ஒரு கோட்பாடு! அதே ஆண்டில் அவர் எழுதிய இன்னொரு நூல் வெள்ளையரை மேலேயும் கறுப்பரைக் கீழேயும் வைத்து மனித இனங்களை அடுக்கியது. யூதர் என்பதால் இனவெறுப்பு என்னவென்று அறிந்தவர், பின்னாளில் யூத வெறுப்பைக் கண்டித்து நூலே எழுதியவர், இப்படியும் எழுதினார். இந்த முரண் எனக்கு இன்றும் செரிக்கவில்லை.

1876இல் வெளிவந்த ‘குற்ற மனிதன்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. சுமார் 250 பக்கங்களில் தொடங்கிய நூல், 1890களின் இறுதியில் ஐந்தாம் பதிப்பில் ஏறக்குறைய 2000 பக்கங்களாகப் பெருத்தது. குற்றவாளிகளை அவர் வகை பிரித்தார்: பிறவிக் குற்றவாளி, மனநோயால் குற்றம் புரிபவர், உணர்ச்சி வேகத்தில் புரிபவர், சந்தர்ப்பத்தால் புரிபவர். பிறவிக் குற்றவாளி என்ற பெயரைக் கொடுத்தவர் அவரைச் சார்ந்த என்ரிக்கோ ஃபெர்ரி. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு முகம் இருப்பதாகவும் லொம்ப்ரோசோ நம்பினார். திருடனுக்கு ஓயாமல் அலையும் கண்கள். கொலைகாரனுக்கு உறைந்த பார்வையும் கழுகு மூக்கும். பாலியல் குற்றவாளிக்குப் பளபளக்கும் கண்களும் வீங்கிய உதடுகளும். (என் மாமாவுக்குக் கழுகு மூக்கு. பல ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர்; பிள்ளைகள் அவரை விட்டு இறங்கமாட்டார்கள்.)

குற்றத்தை மட்டும் பார்க்காதீர்கள், செய்த ஆளைப் பாருங்கள் என்பது அவர் வாதத்தின் நல்ல பக்கம். முதன்முறை சிறு தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் வேறு வழியில் திருத்தலாம் என்றார். ஆனால் பிறவிக் குற்றவாளி என்று முத்திரை விழுந்தவனுக்கு மீட்சி இல்லை. அவனை வாழ்நாள் முழுதும் அடைத்து வைக்கலாம், சில வேளை கொல்லவும் செய்யலாம் என்றார்.

1897இல் அவர் ரஷ்யா சென்று டால்ஸ்டாயைச் சந்தித்தார். மேதைமையும் ஒருவகை நோயே என்று எழுதியவர் அல்லவா? அறிகுறி தேடித்தான் போயிருப்பார். டால்ஸ்டாய் அவர் கருத்தை ஏற்கவில்லை. 1899இல் வந்த ‘புத்துயிர்ப்பு’ நாவலின் நாயகன், மனிதரைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வியோடு லொம்ப்ரோசோவின் நூல்களையும் புரட்டுகிறான். விடை கிடைக்கவில்லை.

அறிவியல் உலகிலும் எதிர்ப்பு வலுத்தது. குற்றத்தை வளர்ப்பது சமூகச் சூழலே என்றார் பிரான்சின் லக்கசாஞ். 1889இல் பாரிஸ் மாநாட்டில், நூறு குற்றவாளிகளையும் நூறு நேர்மையாளர்களையும் ஒப்பிட ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு கூடவே இல்லை. 1909 அக்டோபரில் தூரின் நகரில் லொம்ப்ரோசோ காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து ஆங்கில மருத்துவர் சார்லஸ் கோரிங், 3000 கைதிகளின் அளவுகளைச் சிப்பாய்கள், பல்கலைக்கழக மாணவர்கள் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி முகமோ தனி மண்டையோ இல்லை என்று காட்டினார். மாணவர்களையும் அளந்திருக்கிறார்களே என்று படிக்கும்போது சிரித்துக்கொண்டேன்.

வகை பிரிக்கும் வேலை நிற்கவில்லை. ஆனால் திசை மாறியது. 1999இல் ஆஸ்திரேலியாவில் பால் முல்லன் குழுவினர் பிறரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்போரை ஐந்து வகையாகப் பிரித்தனர். கைவிடப்பட்டவர், நெருக்கம் தேடுபவர், பழகத் தெரியாதவர், வன்மம் கொண்டவர், வேட்டையாடுபவர் என்பவை அவை. இங்கே அளக்கப்படுவது மூக்கு அல்ல, நோக்கம். பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவரே. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவோர் பார்வையில் அழகாகச் சிரிக்கும் அறிமுகமானவர் தப்பிவிடுகிறார்; எழுந்து நிற்கச் சொல்லப்படுவது வேறு யாரோ.

லொம்ப்ரோசோ தம் உடலை ஆய்வுக்கே எழுதி வைத்திருந்தார். அவர் எலும்புக்கூடு தூரினில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2009இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, எங்கள் ஊர்க்காரரின் தலையை அடக்கம் செய்யத் தாருங்கள் என்று வில்லெல்லாவின் சொந்த ஊரான மோத்தா சாந்தா லூச்சியா வழக்குத் தொடுத்தது. 2012இல் ஊர் வென்றது. 2017இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அருங்காட்சியகத்தின் பக்கமே நின்றது. வில்லெல்லாவின் மண்டையோடு ஊர் திரும்பவில்லை.