இணையத்துக்கு எண் கொடுத்தவர்

பெங்களூரிலிருந்து பட்டு நூல் பார்சல் ஒன்று நம் ஊருக்கு வருகிறது. மேலே 'ஆரணி' என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகும்? திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி இருக்கிறதே! பார்சல் அங்கே போய்விட்டால் நம் தறி சும்மா நிற்கும். பின்கோடு இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

இணையத்திலும் இப்படித்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரி எண் வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் செய்தி வழி தவறும். அப்படி நடக்காமல் 25 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு வைத்துக் காத்தவர் ஜான் போஸ்டல்.

இவர் 1943 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தார். நீண்ட தாடியும் காலில் செருப்புமாக எளிமையாக இருப்பார்.

அவர் மாணவராக இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1969 அக்டோபர் 29 அன்று அந்த அதிசயம் நடந்தது. சுமார் 500 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக அனுப்பினார்கள். இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது! சிறிது நேரம் கழித்துதான் முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் இப்படித்தான் தொடங்கியது.

வெவ்வேறு வகைக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமானால் பொதுவான விதிகள் வேண்டும் அல்லவா? அவற்றுக்கு 'புரோட்டோகால்' என்று பெயர். அந்த விதிகளை எழுதி வெளியிடும் ஏடுகளுக்கு போஸ்டல் பதிப்பாசிரியராக இருந்தார். 1981-இல் ஐ.பி., டி.சி.பி. என்ற இரு விதிகளையும் தொகுத்து வெளியிட்டார். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்புவது ஐ.பி. துண்டுகளை வரிசைப்படுத்தி, தொலைந்ததை மறுபடி அனுப்பச் செய்வது டி.சி.பி. மின்னஞ்சல் அனுப்புவதற்கான விதியை 1982-இல் அவரே எழுதினார்.

எண்களை மனப்பாடம் செய்வது கடினம். அதனால் எண்ணுக்குப் பதில் பெயரைத் தட்டினாலே போதும் என்ற முறையை 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் உருவாக்கினார். அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தவர் போஸ்டல்தான். நம் நாட்டு இணையப் பெயர்களின் முடிவில் வரும் 'டாட் இன்' 1989-இல் கிடைத்தது. அப்போது அந்தப் பதிவேடு போஸ்டலின் பொறுப்பில் இருந்தது.

அனுப்பும்போது விதி பிசகாமல் அனுப்ப வேண்டும். வருவதில் சிறு பிழை இருந்தால் பொறுத்து ஏற்க வேண்டும். இது அவர் வகுத்த கொள்கை. நமக்கும் பொருந்துகிறது, இல்லையா?

ஆனால் இவ்வளவு பெரிய பொறுப்பு ஒரே மனிதரிடம் இருக்கலாமா? 1998 ஜனவரியில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. இணையப் பெயர்களுக்கு வழிகாட்டும் தலைமை சர்வர்களில் எட்டு, அவர் கேட்டுக்கொண்ட உடனே அவருடைய கம்ப்யூட்டரைப் பின்பற்றத் தொடங்கின. அமெரிக்க அரசு திகைத்துப் போனது. பழையபடி மாற்றச் சொன்னது. அவரும் மாற்றினார். அது ஒரு சோதனைதான் என்று விளக்கம் சொன்னார்.

தனி மனிதரிடம் இருந்த பொறுப்பு ஓர் அமைப்பிடம் போக வேண்டும் என்று அவரும் பாடுபட்டார். 1998 செப்டம்பர் இறுதியில் 'ஐகேன்' என்ற அமைப்பு பிறந்தது. இரண்டே வாரங்கள் கழித்து, அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

பதிவேட்டைப் பிசகில்லாமல் எழுதி, உரிய கையில் கொடுத்துவிட்டுப் போனார் அவர். இனி இணைய முகவரி ஒன்றைத் தட்டும்போது, அந்தத் தாடிக்கார மாமாவை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்!